சென்னைப் பெயர்ப்பலகைகளில் காலம் பார்ப்பது

பழைய பெயர்ப்பலகை ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அதில் ‘சென்னை’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ‘னை’ எழுதப்பட்டிருக்கும் விதமே பாதி வேலையை முடித்துவிடும்.

ஜார்ஜ் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஆண்டு எழுதாத பலகைகளும் முகப்புகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பெரிய கட்டடங்களுக்கு வரலாறு எழுதியாகிவிட்டது. செனட் ஹவுஸ் 1879, உயர் நீதிமன்றம் 1892, ரிப்பன் மாளிகை 1913, எல்.ஐ.சி. கட்டடம் 1959 என்று யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். இவற்றுக்கு நடுவே இருக்கும் மளிகைக் கடைக்கும் அச்சகத்துக்கும் மருந்துக் கடைக்கும் அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவற்றின் மேலேயே போதுமான தடயங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தால் பத்து ஆண்டு முன்பின்னாகக் காலத்தைச் சொல்லிவிடலாம்.

எழுத்து சொல்வது

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை நான்குக்கும் இன்று நாம் முன்னால் போடும் ஐகாரக் குறி கிடையாது. எழுத்தின் தலையிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு எழுத்தோடு ஒட்டியே இருக்கும். ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்காது. எழுத்தின் கடைசிக் கோடே நீண்டு கீழே சுழித்து முடியும். கை, தை, டை போன்றவை மாறவே இல்லை. அதனால் ‘கடை’ என்ற சொல்லை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘சென்னை’, ‘சாலை’, ‘விலை’, ‘வேளை’, ‘அண்ணா’ ஆகியவையே உதவும் சொற்கள். ‘அண்ணா சாலை’ என்று முழுதாக இருந்தால் ணா, லை இரண்டும் ஒரே வரியில் கிடைக்கும்.

இதில் தவறு நேர இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 1978க்கு முன் தொழில் கற்ற ஓவியர் ஆணை வந்த மறுநாளே கையை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார். 1980களிலும், சில கைகளில் அதற்குப் பிறகும், துதிக்கை லை தொடர்ந்தது. பழைய பலகைக்கு மறுபடி வண்ணம் பூசும்போது இருந்த கோட்டின் மேலேயே பூசுவதால் பழைய வடிவம் இன்னும் சில காலம் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் இந்தச் சீரமைப்பைக் கையாளத் தொடங்கிவிட்டார். திராவிட இயக்கத்தோடு தொடர்புள்ள படிப்பகம், மன்றம், அச்சகம் என்றால் 1978க்கு வெகு முன்பே புதிய ‘லை’ இருக்கலாம். ஆகவே எழுத்து ஒரு சாட்சி மட்டுமே. அடுத்த சாட்சி வரும்வரை முடிவு எழுத வேண்டாம்.

முகவரி வரி

பெரும்பாலோர் கடைப் பெயரைப் படம் எடுத்துவிட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தை விட்டுவிடுகிறார்கள். காலம் அங்கேதான் இருக்கிறது.

அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. 600 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருந்தால் பலகை அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். ‘சென்னை-17’, ‘சென்னை-4’ என்று இருப்பதை வைத்து முந்தியது என்று சொல்லிவிட முடியாது. பழைய அஞ்சல் வட்ட எண்தான் புதிய எண்ணின் கடைசி இலக்கங்களாக ஆனது. தியாகராய நகருக்கு 600017, மயிலாப்பூருக்கு 600004. சுருக்கி எழுதும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருந்தால் 1996க்கு முன்பாக இருக்க வாய்ப்பு அதிகம். தமிழில் சென்னை என்று எப்போதும் எழுதி வந்திருக்கிறார்கள் என்பதால் தமிழ்ப் பலகையில் இந்தச் சோதனை செல்லாது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று எங்காவது கிடைத்தால் அது நல்ல தடயம். மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14இல் தமிழ்நாடு ஆனது. அதே ஆண்டில் அண்ணா மறைந்த பிறகுதான் மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கும் உத்தரவு 1970களின் இறுதியில் வந்தது. மாநகராட்சி வைத்த தெருப் பலகையில் இது உதவும். கடைக்காரர்கள் பழைய பெயரையே எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

தொலைபேசி எண்ணின் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஆறு இலக்கம் பழையது, ஏழு அடுத்தது. 2000களின் தொடக்கத்தில் முன்னால் 2 சேர்ந்து எட்டு இலக்கமானது. அந்த 2 மட்டும் வேறு மையில், வேறு கையில், இடுக்கில் நுழைத்து எழுதப்பட்டிருந்தால் பலகை அதற்கு முந்தியது. திருத்தம் மட்டும் அந்தக் காலத்தது. இப்படி ஒட்டுப்போட்ட ‘2’ சென்னைப் பலகைகளில் எனக்கு மிகப் பிடித்த தடயம். ஒரே பலகையில் இரண்டு காலம் அருகருகே தெரிகிறது.

விற்பனை வரி எண்ணும் அப்படியே. டி.என்.ஜி.எஸ்.டி., அதாவது தமிழ்நாடு பொது விற்பனை வரி, என்று இருந்தால் 1969க்குப் பின், 2006 முடிவதற்குள். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது 33 என்று தொடங்கும் 11 இலக்க ‘டின்’ எண் வந்தது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. எண் வந்தது. அதுவும் 33இல் தொடங்கும், ஆனால் எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடம் இருக்கும். கடை வாசல் பலகையில் அதைக் காட்ட வேண்டும் என்பது விதி என்பதால் ஐம்பது ஆண்டுப் பழைய தகரப் பலகையின் மூலையிலும் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அது பலகையின் காலம் ஆகாது.

ஒரு மாதிரிக்கு இப்படி ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம்: ‘அண்ணா சாலை, சென்னை-2’, துதிக்கை லை, ஆறு இலக்க போன் எண், மூலையில் டி.என்.ஜி.எஸ்.டி. அண்ணா சாலை என்பதால் 1969க்குப் பின். எழுத்தை வைத்துப் பார்த்தால் 1978க்கு முன் அல்லது சற்றுப் பின். போன் எண்ணும் வரி எண்ணும் இதற்கு முரணாக இல்லை. 1970கள் என்று எழுதிக்கொண்டு, 1980களின் முற்பகுதிக்கும் இடம் விட்டு வைக்கலாம். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

‘ஸ்தாபிதம் 1926’ என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அது கடை தொடங்கிய ஆண்டு. பலகை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ எழுதியதாக இருக்கும்.

கை எழுதியதா, அச்சடித்ததா

பலகையில் இரண்டு முறை வரும் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு ‘ல’வும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் வெட்டிய வினைல் அல்லது அச்சு. கையெழுத்தில் சுழி ஒன்றில் சற்றுப் பெரிதாகவும் மற்றதில் இறுகியும் இருக்கும். வரியின் கடைசியில் இடம் பற்றாமல் எழுத்து ஒல்லியாகும். எனாமல் பெயிண்டில் எழுதிய எழுத்தின் ஓரத்தில் விரலை வைத்தால் மெல்லிய வரப்பு தட்டுப்படும். வெளுத்த இடத்தில் உற்றுப் பார்த்தால் நூல் அடித்த சுண்ணக்கோடு, மேலும் கீழும் ஒன்றாக, சில நேரம் இன்னும் இருக்கும். எழுத்துக்கு ஷேடு கொடுத்திருந்தால் அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பலகை முழுவதும் பாருங்கள். நல்ல ஓவியர் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் போடுவார். ஒரு சொல்லுக்கு மட்டும் பக்கம் மாறியிருந்தால் அந்தச் சொல் பிறகு வேறொருவர் சேர்த்தது.

வலது கீழ்மூலையைப் பார்க்காமல் நகராதீர்கள். ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஓவியரின் பெயர் அங்கே விரலளவில் இருக்கும், பெரும்பாலும் பாதி தேய்ந்து. ஒரே பெயர் நான்கைந்து தெருக்களில் திரும்பத் திரும்ப வரும்போது அந்தக் கையின் ‘ழ’வையும் ‘ஸ்ரீ’யையும் தூரத்திலிருந்தே அடையாளம் காண முடியும். பெயர் தேய்ந்துபோன பலகையையும் யார் எழுதியது என்று ஊகிக்கலாம். நகரத்தின் பொதுக் கலையில் இவர்கள் பங்கு உழைப்பாளர் சிலை செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது என் கருத்து. அந்தச் சிலையைப் பற்றி எழுதியாகிவிட்டது, பலகைகளைப் பற்றி எழுதவில்லை.

தகரத்தில் வண்ணம் பூசிய பலகையும், இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் சுட்ட எனாமல் பலகையும் வேறு வேறு. சுட்ட பலகை பளபளப்பு குறையாமல் இருக்கும். அடிபட்ட இடத்தில் மட்டும் கிண்ணம் போலத் தெறித்து உள்ளே துரு தெரியும். ஆணித் துளையைச் சுற்றித்தான் முதலில் தெறிக்கும், ஏனென்றால் ஆணியை இறுக்கும்போது கண்ணாடி வளையாமல் உடைகிறது. வண்ணம் பூசிய தகரம் முழுக்க ஒன்றாக வெளுக்கும். பெரும்பாலும் சிவப்பு முதலில் போகும், கறுப்பும் நீலமும் நிற்கும். வெற்றுப் பலகை என்று தோன்றுவதில் சிவப்பில் எழுதிய ஒரு வரி மறைந்திருக்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் வரப்பு தெரிந்துவிடும்.

வெளிச்சம்

பலகையிலோ கல்லிலோ தேய்ந்த எழுத்தைப் படிக்கத் தேவை கூர்மையான கேமரா இல்லை, சாய்ந்து விழும் வெளிச்சம். சென்னையில் இதற்கு நேரம் பார்க்க வேண்டும். கிழக்குப் பார்த்த சுவரில் காலை ஏழு மணி வெயில் நேராக முகத்தில் அடித்து எழுத்தைத் தட்டையாக்கிவிடும். பதினோரு மணிக்கு மேல், வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது வாருங்கள். மேற்குச் சுவருக்கு உச்சி தாண்டிய முதல் ஒரு மணி நேரம். தெற்குச் சுவருக்குக் கார்த்திகை, மார்கழியில் காலையும் மாலையும். வடக்குப் பார்த்த சுவரில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நேர் வெயிலே விழாது. ஏப்ரலுக்குப் பிறகு காலையில் சீக்கிரம் போனால் உரசும் வெயில் கிடைக்கும்.

காத்திருக்க முடியாதென்றால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். வெயிலில் ஒருவர் நின்று ஒளியைச் சுவரின் பக்கவாட்டில் திருப்ப, இன்னொருவர் படம் எடுக்கலாம். இரவில் டார்ச் போதும். கல்லிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிட்டத்தட்ட கல்லோடு படுத்த நிலையில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு படம் எடுங்கள். இடமிருந்து வரும் ஒளியில் நெட்டுக்கோடுகள் தெரியும், மேலிருந்து வரும் ஒளியில் படுக்கைக்கோடுகள் தெரியும். ஒரு படத்தை மட்டும் வைத்துப் படித்தால் ‘ப’வும் ‘ய’வும் மாறிப்போகும்.

எழுத்துப் பள்ளத்தில் சுண்ணாம்புக்கட்டி, திருநீறு, மாவு எதையும் தடவ வேண்டாம். தடவுகிறவர் ஊகிக்கும் எழுத்துதான் வெள்ளையாகத் தெரியும், பின்னால் வருகிறவர் அதையே நம்புவார். எண்ணெய் இன்னும் மோசம். சுண்ணாம்புப் பூச்சில் ஊறிவிட்டால் வெளியே எடுக்க முடியாது, தூசியும் ஒட்டிக்கொள்ளும்.

போனின் அகலக் கோண லென்ஸை அணைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து 2 மடங்கில் எடுங்கள். எழுத்தின் விகிதம் கெடாது. அளவுக்கு ஆறு அங்குல ஸ்கேல் வையுங்கள். இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர்.

கல்லில் இருக்கும் ஆண்டு

அடிக்கல்லிலும் சத்திரக் கல்லிலும் தமிழ் எண்கள் வரும்போது பலர் அவற்றை எழுத்து என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ௧ பார்க்க க போல, ௨ உ போல, ௪ ச போல, ௫ ரு போல, ௭ எ போல, ௮ அ போல, ௰ ய போல இருக்கும். பழைய முறையில் பூச்சியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள். 1912ஐ ௲௯௱௰௨ என்று எழுதுவார்கள்: ஆயிரம், ஒன்பது நூறு, பத்து, இரண்டு. இன்றைய முறைப்படி ௧௯௧௨ என்று எழுதிய கற்களும் உண்டு.

பிரபவ, விபவ என்று அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருந்தால் குழப்பம். பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் எதிலும் சித்திரையில் தொடங்கியதாக இருக்கலாம். கல்லில் தேதியோடு கிழமையும் இருந்தால் தப்பித்தோம். அறுபது ஆண்டில் அதே தமிழ்த் தேதியின் கிழமை ஐந்து அல்லது ஆறு நாள் நகர்ந்துவிடும். எனவே ஒரு சுற்றில் பொருந்தும் கிழமை அடுத்த சுற்றில் பொருந்தாது. பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் எந்தச் சுற்று என்று முடிவாகிவிடும். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும் என்பதை மறக்க வேண்டாம். பிரபவ தை என்பது 1868, 1928 அல்லது 1988.

ஆங்கில ஆண்டு கிடைக்க, கலி ஆண்டிலிருந்து 3101 கழிக்க வேண்டும். சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும், பசலி என்னும் நிலவரி ஆண்டோடு 590. இவற்றில் ஓராண்டு முன்பின் வரும். திருவள்ளுவர் ஆண்டிலிருந்து 31 கழிக்க வேண்டும். அரசு அதை ஏற்றது 1970களின் தொடக்கத்தில் என்பதால் அந்த ஆண்டு பொறித்த கல் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

பலகைக்குப் பின்னால் இருக்கும் கட்டடம்

கட்டடமும் பலகையும் ஒரே காலத்தவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூச்சு உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, செங்கல் பொடி கலந்து இருந்தால் சுண்ணாம்பு, ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் சிமெண்ட். கூரையைக் கீழிருந்து பார்க்க விட்டால் இன்னும் எளிது. தேக்கு உத்திரங்களுக்கு நடுவே சிறிய, மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வில் சுண்ணாம்பு வைத்து அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். இரும்பு உத்திரம் என்றால் பக்கத்தில் உருட்டிப் பதித்த பெயரைத் தேடுங்கள். டார்மன் லாங் என்றால் இங்கிலாந்திலிருந்து வந்தது. டாட்டாவின் பெயர் இருந்தால் ஜாம்ஷெட்பூரில் உருக்கு வார்க்கத் தொடங்கிய 1912க்குப் பிந்தியது.

சீமை ஓட்டில் ‘பாசல் மிஷன் 1865’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நூற்றைம்பது வயது என்று சொல்பவர்கள் உண்டு. அது மங்களூரில் அந்த மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஒவ்வோர் ஓட்டிலும் அதே எண்தான் பதிந்திருக்கும். முதல் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்டின் கைக்குப் போயின. அந்தப் பெயர் பதித்த ஓடு அதற்குப் பிந்தியது என்று சொல்லலாம். ஓட்டை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும்.

வட்டச் சன்னல், மூலையில் வளையும் சன்ஷேடு, படிப்படியாக ஏறும் கைப்பிடிச்சுவர், உதயசூரியன் போட்ட கிரில் என்றால் ஆர்ட் டெக்கோ என்ற கட்டடப் பாணி. அந்தப் பாணியில் எழுந்த பாரிமுனையின் டேர் ஹவுஸ் 1940இல் முடிந்தது. தியாகராய நகர், மயிலாப்பூர் வீடுகளில் இந்த மோஸ்தர் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடியது. பாணியை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள்.

பதிவு

ஒரு பலகைக்கு ஐந்து படம் போதும்: தெருவோடு சேர்ந்த தூரப் படம், நேர் படம், முகவரி வரி, மூலைக் கையொப்பம், சேதமான ஓரம். கூடவே இடம், திசை, அகலம், உயரம், பலகை எதனால் ஆனது, கண்ட தடயங்கள், அவற்றிலிருந்து வந்த முடிவு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். தடயத்தையும் முடிவையும் ஒன்றாகக் கலந்து ‘1970கள்’ என்று மட்டும் எழுதிவிட்டால் பின்னால் யாராலும் சரிபார்க்க முடியாது.

தெருவிலிருந்து எடுப்பதற்கும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வருமான வரி ஆட்களோ மாநகராட்சி ஆட்களோ என்று பயப்படுகிறார்கள். உயர் நீதிமன்ற வளாகம், துறைமுகம், கோயில் உட்புறம் ஆகியவற்றில் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்க வேண்டாம்.

கட்டடத்தைப் பச்சை வலை போட்டு மூடி, கதவு சன்னல்களைக் கழற்றத் தொடங்கிவிட்டால் இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மரத்துக்கு விலை உண்டு, அதை எடுக்க ஆள் வந்துவிடும். கல்லும் தகரமும் இடிபாட்டோடு லாரி ஏறும். மேஸ்திரியிடம் பேசுங்கள், உரிமையாளரின் எண்ணைக் கேளுங்கள். பலகையை நீங்கள் எடுத்துப் போவதற்கு முன் அவர் குடும்பத்தில் யாராவது வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

எடுத்த படத்தை ஏ4 அளவில் அச்சிட்டுக் கடைக்காரரிடம் கொடுங்கள். பழைய பில் புத்தகமோ லெட்டர்பேடோ உள்ளே எங்காவது இருக்கிறதா என்று அப்போது கேட்டால் தேடிப் பார்ப்பார். பலகையில் இருக்கும் அதே முகவரியும் அதே போன் எண்ணும் தேதி போட்ட ஒரு பில்லில் கிடைத்துவிட்டால் உங்கள் கணக்கு சரியா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.